காரீயக் கட்டம்

பொறி பறந்தது. அலுமினிய வில்லையின் மேல் ஒரு நொடி நீல வெளிச்சம் பூத்து அணைந்தது. எந்த உலோகம் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதை அந்த வெளிச்சத்தை வைத்தே இயந்திரம் சொல்லிவிடும். வினோலியா திரையைப் பார்த்தாள். காரீயம் போகவில்லை.

"பித்தளை தேச்ச உப்புத்தாள்லயே என் அலுமினியத்தையும் தேச்சிருக்கீக. அந்த அழுக்குத்தான் காட்டுது" என்று காலையில் கத்தியிருந்தார் அண்டா பட்டறை பெருமாள்சாமி. அதில் நியாயம் இருந்ததுதான் அவளை எரித்தது. இங்கே சோதனைக்கு வரும் பூட்டுக்காரர்களின் பித்தளையில் காரீயம் உண்டு. தேய்த்த தாளில் ஒட்டிக்கொள்ளும். உலோகத்துக்கு ஒரு தாள் வேண்டும் என்று எத்தனை முறை கேட்டாலும் ஆய்வக முதலாளி தண்டாயுதபாணி வாங்கித் தரமாட்டார். கடைசியில் அவளே புதுத் தாள் வாங்கி வந்து தேய்த்தாள். அளவு கொஞ்சம் இறங்கியது. மிச்சம் உலோகத்துக்குள்ளேயே இருந்தது.

முன்னறையில் இருவரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"புதுத் தாள்லயும் காரீயம் காட்டுது. பழைய பேட்டரி உருக்குன கொப்பரையிலயே இதையும் உருக்குனீகளா?"

பெருமாள்சாமி சிரித்தார். "ஏம் பாப்பா, உங்க வீட்ல ஈயச்சொம்புல ரசம் வச்சதே இல்லையா?"

"அது வெள்ளீயம். இது விஷம். தெரிஞ்சுக்கிட்டே பேசாதீக."

தண்டாயுதபாணி குரலைத் தணித்தார். "அண்ணாச்சி காரீயம் பாக்க வேணாம்னுட்டாரு. ரிப்போர்ட்டுல அந்தக் கட்டத்த எடுத்துட்டு மத்ததுக்குக் கையெழுத்துப் போடு. பொய் ஒண்ணும் எழுதலையே?"

அவளுக்குக் காது மடல் சுட்டது. பொய் எழுதச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது.

"அதுல சோறு திங்கப்போறது யாரு? உங்க பிள்ளைகளா?"

"சின்னாளபட்டி ரோட்டு விடுதிப் பிள்ளைக" என்றார் பெருமாள்சாமி. "அண்டா எப்பவோ எறங்கிருச்சு. பில்லு பாஸாகத்தாம்மா இந்த ரிப்போர்ட்டு."

அந்த விடுதியில் சமைப்பது அவளுடைய சித்தி இஞ்ஞாசியம்மாள். வினோலியா அங்கேயே நின்று போன் போட்டாள்.

"சித்தி, புது அண்டால என்ன இருக்கு?"

"புளிக்கொழம்பு. ஏன்டி, சாப்பிட வாரியா?"

"கொட்டு."

"என்னாது?"

"அம்புட்டையும் கொட்டு சித்தி! அண்டால விஷம் கலந்திருக்கு."

"கூறுகெட்டவளே, பிள்ளைக தட்டோட நிக்குதுக!"

"நிக்கட்டும். என்னையத் திட்டச் சொல்லு."

தண்டாயுதபாணி எழுந்துவிட்டார். "போனை வை. நாளையிலருந்து இந்தப் பக்கம் வராத."

அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. போனைக் காதோடு அழுத்தினாள். அங்கே சித்தி யாரையோ கூப்பிட்டாள். சிமெண்டுத் தரையில் அண்டா இழுபட்டது. பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள்.

"கொட்டுற சத்தம் இன்னும் கேக்கலை சித்தி!" என்று கத்தினாள் வினோலியா.