மீன்தொட்டியின் முகவரி

மன்னர்களாலும் மணிக்கூண்டுகளாலும் முடியாததை எங்கள் மேலாளர் சாதித்தார்: மனிதனை நேரத்துக்கு வரவைத்தார். காலை ஒன்பதுக்கு முன்பே அலுவலக வாசலில் ஊழியர்கள் முண்டியடித்தார்கள். தலைமையகத்துக்கு அவர் அனுப்பிய அறிக்கையின் தலைப்பு, ‘தலைமைப் பண்பில் விளைந்த ஒழுக்கம்’.

உண்மையில், கடைசியாக வருகிறவர்களுக்கு இணைய இணைப்பு கிடைக்காது. ஏன் என்று யாருக்கும் தெரியாது.

நெட்வொர்க்கை அமைத்ததும் மேலாளரே. இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்வந்தவர், சான்றிதழையும் தான் வகுத்த நெட்வொர்க் திட்டத்தையும் ஒரே கண்ணாடிச் சட்டத்தில் சுவரில் மாட்டியிருந்தார். அதில் நெட்வொர்க்கின் அளவை வரையறுக்கும் எண், சப்நெட் மாஸ்க்: 255.255.255.224. “சின்னதா வெச்சாதான் பாதுகாப்பு” என்பார்.

மாட்டிக்கொண்டது கடிதப் பிரிவு அக்கா. மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு ஒன்பது அடிக்கும்போது ஓடிவருவார். தாமதமில்லை, ஆனால் கடைசி. மதியம் யாராவது கிளம்பும்வரை அவர் கணினி குத்துக்கல்.

“வெள்ளிக்கிழமை இயக்குநர் வராங்க. கடிதம் இன்னொரு நாள் தாமதமானா உங்க ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டாம்னு சொல்லிடுவேன்” என்றார் மேலாளர்.

“இணைப்பே வரல சார்.”

“முந்தி வரவங்களுக்கு வருதே! நெட்வொர்க் எல்லாம் உங்களுக்குப் புரியாதும்மா.”

திட்டு வாங்கும்போது எங்கேயாவது பார்க்க வேண்டுமே. அக்கா சுவரைப் பார்த்தார். 224.

அன்று மாலையே கணினி ஆசிரியையான நாத்தனாருக்குப் போன் போட்டு அந்த எண்ணைச் சொன்னார்.

“அண்ணி, 256-ல 224 போனா?” என்று கேட்டாள் நாத்தனார்.

“முப்பத்திரண்டு.”

“உங்க நெட்வொர்க்கை ஒரு தெருன்னு வெச்சுக்குங்க. அதுல அவ்வளவுதான் மனை, கருவிக்கு ஒரு மனை, அதான் அதோட முகவரி. முதல் மனை தெருவோட பேர்ப்பலகைக்கு. கடைசி மனை எல்லாரையும் ஒண்ணாக் கூப்பிடற ஒலிபெருக்கிக்கு. ரெண்டுலயும் குடியிருக்க முடியாது. இன்னொண்ணு ரவுட்டருக்கு.”

“மிச்சம் இருபத்தொன்பது. நாங்களே முப்பது பேருடீ! பிரிண்டர் வேற.”

“உங்க சார் கழித்தல் படிக்கல போல. 192 போடச் சொல்லுங்க. அறுபத்தோரு பேர் தாராளமா இருக்கலாம். 128 இன்னும் பெருசு, ஆனா முப்பது பேருக்கு எதுக்கு ஊரையே வளைச்சுப் போடணும்?”

மறுநாள் அக்கா மேசை மேசையாகப் போய் எண்ணினார். பிரிண்டர் போக இருபத்தெட்டுப் பேருக்கு இணைப்பு இருக்க வேண்டும். இருந்தது இருபத்தேழு பேருக்கு. ஒரு முகவரியை யாரோ விழுங்கியிருக்கிறார்கள். மேலாளர் அறையில் ஒரு மீன்தொட்டி இருந்தது. அவர் போனில் தட்டினால் அதன் விளக்கு நிறம் மாறும்.

வெள்ளிக்கிழமை. ஒழுக்கத்தைப் பற்றி மேலாளர் இருபது நிமிடம் முழங்கினார். இயக்குநர் மடிக்கணினியைத் திறந்தார்.

“இணைப்பு வரலையே?”

“சிக்னல் கோளாறு மேடம்...”

“இல்ல மேடம். நீங்க பிந்தி வந்துட்டீங்க” என்றார் அக்கா.

அக்கா வெள்ளைப்பலகையில் தெரு, மனை, பேர்ப்பலகை எல்லாம் போட்டுக் கணக்கை முடித்தார். காலியாகும் முகவரியைப் பிடித்துக்கொள்ளாதபடி, இணைப்பில்லாத மூன்று கணினிகளையும் முன்பே அணைத்துவைத்திருந்தார்.

“சார், மீன்தொட்டியை அணைச்சுட்டு, ரவுட்டர் பட்டியல்ல அதோட முகவரியை நீக்குங்க.”

“மீனுக்கும் நெட்வொர்க்குக்கும் என்னம்மா சம்பந்தம்?”

“நீக்குங்க” என்றார் இயக்குநர்.

நீக்கினார். மடிக்கணினிக்கு உடனே இணைப்பு வந்தது.

“அடப்பாவி! மூணு பேரை வாசல்ல நிறுத்திட்டு மீனைக் குடிவெச்சிருக்காரு!” என்றது பின்வரிசை. சிரிப்பு அடங்க நேரமானது.

224, 192 ஆயிற்று. தட்டியது மேலாளரின் விரல்தான். பின்னால் நின்று “முகவரி வரம்பையும் நீட்டுங்க சார், மறந்துடாதீங்க” என்று சொன்னது அக்கா. பத்தே நிமிடத்தில் முப்பது கணினிகளும் உயிர்பெற்றன. கைதட்டல் கீழ்த்தளம்வரை கேட்டது. அக்காவின் ஒப்பந்தத்தில் இயக்குநர் அங்கேயே கையெழுத்திட்டார், மூன்று ஆண்டுகளுக்கு.

“மீன்தொட்டியையும் போட்டுக்குங்க சார்” என்றார் அக்கா பெருந்தன்மையாக. “இனிமே எல்லாருக்கும் இடமிருக்கு.”

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் நான்கு பேர் இருந்தார்கள். அக்கா பத்தேகாலுக்கு வந்தார்.