சஹ்லாவின் வளவில் பெய்த தெஹிவளை மழை

கிழக்குக் கரையில், காத்தான்குடி ஆறாம் குறிச்சியில், சஹ்லாவின் வீட்டு வளவில் நின்ற வெள்ளைக் காருக்கு மேலே நான்கு வருடமாகத் தெஹிவளை மழை பெய்துகொண்டிருந்தது. காருக்கு மேலே மட்டும்தான். முன்னால் இரண்டு முழம், பின்னால் இரண்டு முழம், பக்கவாட்டில் கதவைத் திறந்து ஓர் ஆள் இறங்கும் அளவு. அதற்கு அப்பால் ஒரு துளி விழாது. வைகாசியில் வாவிப் பக்கமிருந்து வறண்ட கச்சான் காற்று அடித்து, சோற்றுக் கோப்பைக்குள் மணல் விழுந்து, ஊரே ஆகாயத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடும் நாட்களில் அந்தக் கார் இடி மின்னலோடு நனையும். மார்கழியில் ஊர் முழங்காலளவு வெள்ளத்தில் நிற்கும்போது காரைச் சுற்றி மட்டும் நிலம் பொருக்கு வெடித்துக் கிடக்கும். அயல் வீட்டு ஆடுகள் பதினொன்றும் கீழே ஏழு, மேலே நான்கு என்று அதில் குடியேறிவிடும்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். காரின் பதிவுப் புத்தகத்திலும் காப்புறுதிப் பத்திரத்திலும் விலாசம் மேற்குக் கரையில் கொழும்பை ஒட்டிய தெஹிவளை என்றிருந்தது. கார் எங்கே நிற்கிறது என்று வானம் எட்டிப் பார்ப்பதில்லை. கடதாசியைப் பார்த்துப் பெய்கிறது. இதில் ஊராருக்கு ஆட்சேபணை இருக்கவில்லை. காரடியிலிருந்து வீட்டுக்கு வீடு தகரப் பீலி போட்டுத் தண்ணீர் பிடித்தார்கள். பள்ளிவாசலின் ஹவுள் தொட்டியும் அந்த மழையில்தான் நிரம்பியது. தொழுமுன் கைகால் கழுவி ஒளுச் செய்யும்போது தெஹிவளைக் காலி வீதியின் பஸ் புகை மணக்கிறது என்று இரண்டொருவர் முகம் சுளித்தார்கள். அவர்களும் செய்யாமல் விடவில்லை.

கார் முனாஸுடையது. முனாஸ் சஹ்லாவின் புருஷன். பதினாறு வருடம் கொழும்புப் புறக்கோட்டையில் புடைவைக் கடையொன்றில் நின்றவன், தெஹிவளையில் ஓர் அறையில் இருந்தவன். கல்யாணம் முடித்த பிறகும் பதினைந்து நாளுக்கொரு முறை பஸ்ஸில் வந்து போனான். நான்கு வருடத்துக்கு முன்பு பிரதான வீதியில் சொந்தமாகக் கடை போட்டு, காரையும் கொண்டு ஒரேயடியாக வந்து சேர்ந்தான். வந்து சேர்ந்தது சஹ்லாவின் வீட்டுக்கு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மகள் பிறந்த கிழமையே வாப்பா அத்திவாரத்துக்குக் கல் பறிக்கத் தொடங்கிவிடுவார். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து குடியிருப்பார். முனாஸின் வாப்பாவும் அப்படித்தான் வந்தார், அவருடைய வாப்பாவும் அப்படித்தான்.

காப்புறுதிப் படிவத்தில் ஒரு வரி உண்டு: வாகனம் வழமையாக நிறுத்தப்படும் இடம். வருடா வருடம் முனாஸ் அந்த வரிக்கு வரும்போது பேனையை உதறுவான், மூக்கைச் சொறிவான், பிறகு தெஹிவளை அறையின் விலாசத்தை எழுதுவான். அறையை எப்போதோ விட்டாயிற்று. அதில் இப்போது யாரோ ஒருவர் மீன் தொட்டி வைத்து விற்கிறார். ஏன் மாற்றவில்லை என்று கடைக்காரர்கள் கேட்டால், “மேல் மாகாண நம்பருக்கு ஒரு மதிப்பு இரிக்கி, காக்கா” என்பான். கேட்டவர்களும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

சஹ்லா தலையாட்டவில்லை. வெள்ளிக்கிழமைகளில் காரின் கண்ணாடித் துடைப்பானுக்குக் கீழே தெஹிவளை வாகனத் தரிப்பிடத் துண்டு ஒன்று செருகியிருக்கும். நனைந்த துண்டு, நேரம், திகதி, முத்திரை எல்லாம் சரி. அவள் கார் ஓடிய தூரம் காட்டும் மீற்றரைப் பார்த்துக் கலண்டரில் எழுதி வைத்தாள், அடுத்த வெள்ளி மீண்டும் பார்த்தாள், இலக்கம் அசையவில்லை. அசையாதது அவளுடைய சந்தேகத்தைக் குறைக்கவில்லை, கூட்டியது. அசையாமலே போய்வரத் தெரிந்த கார் எதற்கும் துணிந்த கார் அல்லவா? பக்கத்து வீட்டுச் சபூரா, நாளுக்கு நாற்பது குடம் அந்த மழையில் பிடிப்பவள், நன்றிக் கடனாக யோசனை சொன்னாள்.

“என்னகா சஹ்லா, அங்கத்த மழ இஞ்ச பெய்யுதெண்டா கார் அங்க இரிக்கி எண்டுதானே? கார் அங்க இரிக்கெண்டா, மனிசன் எங்க இரிக்கிறாரு?”

“மனிசன் உள்ளுக்குப் படுத்திரிக்காரு, ராத்தா.”

“படுத்திரிக்கிறது தெரியிது. முழுசா இரிக்காரா எண்டு பாத்தியா?”

அன்றிலிருந்து சஹ்லா முனாஸை முழுசாக இருக்கிறானா என்று பார்க்கத் தொடங்கினாள். அவன் சட்டையை மோந்தாள். செருப்பின் அடியைப் புரட்டினாள். அவன் சிரித்தால் எந்த ஊரில் இருந்து சிரிக்கிறான் என்று கவனித்தாள். முனாஸும் அவளைச் சந்தேகத்தோடுதான் பார்த்தான். அலுமாரியில் அவன் உடுப்பை அவள் ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்தால், எதற்காக ஒதுக்குகிறாள் என்று யோசித்தான். பழைய பெட்டியைத் தூசு தட்டினால், எதற்காகத் தட்டுகிறாள் என்று யோசித்தான். இருவரும் ஒரே சகன் தட்டில் சாப்பிட்டார்கள், ஒருவர் கையை ஒருவர் பார்த்தபடி.

நான்காவது முறையாக அவன் படிவத்தில் தெஹிவளையை எழுதிய மறுநாள், பகல் சாப்பாட்டில், அவன் தலைக்கு மேலே மெல்லிய தூறல் விழத் தொடங்கியது. கூரையில் ஓட்டை இல்லை. மீன் ஆணத்துக்குள் சொட்டியது. முனாஸ் வியர்வை என்றான். சஹ்லா எழுந்து போய் ஒரு தகரப் பேசினைக் கொண்டு வந்து அவன் கதிரைக்குக் கீழே வைத்தாள். ஒரு கிழமைக்குள் பேசின் போதாமல் வாளி வந்தது. கடையில் வாடிக்கையாளர்கள் சேலையை அவனிடமிருந்து தள்ளிப் பிடித்துப் பார்த்தார்கள். முன்பெல்லாம் காருக்கு மட்டும் பெய்தபோது சஹ்லாவுக்கு இருந்தது சந்தேகம். இப்போது பயம். ஆள் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறான், கடைசியில் கதிரையும் வாளியும்தான் மிஞ்சும் என்று அவளுக்குத் தோன்றியது.

அந்த நேரத்தில்தான் தேங்காய் விழுந்தது. கச்சான் காற்றுக்கு வளவுத் தென்னையிலிருந்து கழன்று, தெஹிவளை மழையை ஊடறுத்துக்கொண்டு, காரின் முன்கண்ணாடிக்குள் இறங்கி, ஓட்டுநர் இருக்கையில் போய் உட்கார்ந்தது. முனாஸ் காப்புறுதிக்கு அறிவித்தான். இரண்டு நாள் கழித்து, காலையில், மட்டக்களப்பு நகரத்துப் புளியந்தீவிலிருந்து காப்புறுதி மதிப்பீட்டாளர் சுதாகரன் மோட்டார் சைக்கிளில் வந்தார். அவர் தொழிலுக்கே பிறந்த மனிதர். கடிகாரம் மணி காட்டினாலும் பக்கத்து ஆளிடம் கேட்டு உறுதிப்படுத்துவார். குடை பிடித்துக்கொண்டு காரை மூன்று தரம் சுற்றினார். தேங்காயைத் தட்டிப் பார்த்தார். பத்திரத்தை விரித்தார்.

“நானா, இதில தெஹிவளை எண்டு கிடக்கு. கார் இஞ்ச நிக்குது. தேங்காய் எந்த ஊரில விழுந்தது?”

உண்மையைச் சொன்னால் கண்ணாடிக்கு உரிமை கோர முடியாது. பத்திரமே செல்லாமல் போகலாம். முனாஸ் மூக்கைச் சொறிந்தான்.

“தெஹிவளையிலதான், சேர். முந்தநாள் பகல் அங்க நிண்டன். விடியக் கொண்டந்திட்டன்.”

உள்ளே கதவுச் சீலை அசைந்தது. சஹ்லா வெளியே வந்தாள். நான்கு வருடமாக அவள் தேடிய வாக்குமூலம், அவன் வாயாலேயே, காப்புறுதிப் படிவத்தில் எழுதப்படவிருந்தது.

“முந்தநாள் பகல் அங்க நிண்டீங்களா?” என்றாள். “அப்ப எனக்கு முன்னுக்கு இருந்து, மீன் தலய உறிஞ்சி உறிஞ்சித் திண்ட மனிசன் ஆரு?”

சுதாகரன் பேனையை மூடினார். மழை காரிலும் பெய்தது, முனாஸிலும் பெய்தது; இரண்டுக்கும் நடுவே காய்ந்த மணலில் சஹ்லா நின்றாள். முனாஸ் காரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். கண்ணாடி போகட்டும் என்று முடிவெடுக்க அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“இஞ்சதான் நிண்டன். தேங்காயும் இந்த மரத்துத் தேங்காய்தான், சேர்,” என்றான். பிறகு அவளிடம், “இந்த ஊட்டுல எனக்கு ஒரு புடி மண் இல்ல, சஹ்லா. ஊடு ஒனக்கு. நாளைக்கு நீ போங்க எண்டா நான் எங்க போற? ஒரு விலாசம் வேணுமே எண்டுதான் அத அழிக்காம வெச்சிரிந்தன்.”

“போங்க எண்டு ஆரு சொன்ன?”

“நீ ஒண்டும் சொல்லல்ல. அதுதான் பயம்.”

“நான் சொல்லாத சொல்லுக்கா நாலு வருசமா மழைக்குள்ள நிண்டீங்க?”

“நீ மட்டும்? மீற்றர் பாத்து எழுதினது எனக்குத் தெரியாதா?”

“எழுதினன். இன்னமும் எழுதுவன்.”

சுதாகரன் செருமினார். கண்ணாடிக்கு ஒன்றும் செய்ய முடியாது, ஆனால் பத்திரத்தைக் காப்பாற்றலாம் என்றார்: உரிமையாளருக்கு இங்கே சொந்த வீடில்லாததால், கார் இந்த வளவில்தான் நிற்கிறது என்று வீட்டுக்காரர் கிராம சேவகரின் முத்திரையோடு ஒரு கடிதம் தர வேண்டும். வீட்டுக்காரர் சஹ்லா. அவள் பேனையை வாங்கி, உதறாமல், ஒரே மூச்சில் எழுதினாள்: எனது வளவில் மேற்படி காரும் அதன் உரிமையாளரும் நிரந்தரமாக நிறுத்தப்பட்டுள்ளனர். உரிமையாளரை நிறுத்துவதற்குப் படிவத்தில் இடமில்லை என்று சுதாகரன் சொல்லிப் பார்த்தார். “அதில்லாட்டிக் கையெழுத்தும் இல்ல,” என்றாள். கிராம சேவகர் அதை இரண்டு முறை வாசித்துவிட்டு முத்திரை குத்தினார்.

கண்ணாடியை முனாஸ் தன் கைக்காசில் போட்டான். விலாச மாற்றம், மாகாண மாற்றம், புகைச் சோதனை, வருமான அனுமதிப் பத்திரம் என்று மூன்று மாதம் அலைந்தான். கடைசி முத்திரை விழுந்த செவ்வாய்க்கிழமை பத்தேகால் மணிக்கு, காரிலும் முனாஸிலும் கொட்டிக்கொண்டிருந்த மழை பாதித் துளியில் நின்றது. தரையை எட்டாத துளிகள் மேலே திரும்பிப் போனதைச் சபூரா கண்ணால் கண்டாள். மழையை மீட்டுத் தருமாறு நூற்றெண்பது கையெழுத்தோடு பிரதேச செயலகத்துக்கு அவள் மனுக் கொடுத்தாள். மேற்படி மழை இப்பிரதேசத்துக்கு உரியதல்ல என்று பதில் வந்தது. அவள் பழையபடி குழாயடியில் குடம் வைக்கிறாள்.

இப்போது முனாஸ் மாதத்துக்கு இரண்டு முறை சரக்கெடுக்கக் கொழும்புக்குக் காரில் போகிறான். அங்கே என்னதான் மழை பெய்தாலும் காருக்கு மேலே எங்கள் ஊர் வெயில் எரிக்கிறது. கச்சான் காற்று மணலோடு சுழல்கிறது. புறக்கோட்டையில் பப்படம் போடுகிறவர் ஒருவர் அவன் வரும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு, காரைச் சுற்றிப் பாய் விரித்து, அரை மணியில் காயவைத்து எடுத்துவிடுகிறார். போன முறை அதற்காக ஒரு கட்டுப் பப்படம் கொடுத்தனுப்பினார். முனாஸ் அதைக் கொண்டு வந்து குசினியில் வைத்தான். தந்தது பப்படக்காரரா, பப்படக்காரியா என்று சஹ்லா இரண்டு தரம் கேட்டாள். பிறகு அடுப்பில் எண்ணெயை வைத்தாள்.