இரவல் கோல்கீப்பர்

கஸ்தோன் பெலீல் மூன்றாவது துண்டு ஏலக்காய் ரொட்டிக்குக் கை நீட்டியபோதே ஹெல்மிக்கு மூக்கு வியர்த்துவிட்டது. பைக் ரிவர் ஊரில் முப்பது வருஷம் மருந்துக்கடை வைத்திருந்த மனுஷன், அவள் கணவன் ஆர்வோ மீன் பிடிக்க ஏரிக்குப் போகும் கிழமை எது என்று தெரியாதவர் அல்ல. அந்தக் கிழமையாகப் பார்த்து வந்து, சமையலறை மேசையில் நோட்டை விரித்து, காப்பி நன்றாயிருக்கிறது, ரொட்டி நன்றாயிருக்கிறது என்று பூசி மெழுகிக்கொண்டிருந்தார். ஊரின் ஐஸ் ஹாக்கி அணியான ஓட்டர்ஸுக்கு ஐம்பது வருஷம் ஆகிறது. அதன் வரலாற்றைப் புத்தகமாகப் போடும் பொறுப்பு அவர் தலையில் விழுந்திருந்தது. பனி கனம் தாங்காமல் அரங்கத்தின் கூரை இடிந்த வருஷம், அணியின் பஸ் பள்ளத்தில் இறங்கிய வருஷம், கடைசி இடத்தில் நின்ற பதினேழு வருஷங்கள், எல்லாம் எழுதியாகிவிட்டதாம். பாக்கி இருந்தது ஒன்றுதான்.

"ஆர்வோ இல்லாத நேரமாப் பாத்து வந்திருக்கீங்க," என்றாள் ஹெல்மி.

"அவன்கிட்ட கேட்டா சிரிப்பான். நாப்பது வருஷமா அதானே பண்றான். நீங்க பொய் சொல்ல மாட்டீங்க."

"எதுக்கு இவ்வளவு ஐஸ் வைக்கிறீங்க? கேளுங்க."

"அந்த மூணாவது கோலு. வேணும்னே விட்டானா?"

ஹெல்மி அவர் முன்னால் இருந்த ரொட்டித் தட்டை எடுத்து அலமாரியில் வைத்தாள். தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாளா? இந்தக் கேள்வியை ஊர் கேட்பதற்கு முன்பே கேட்டவள் அவள்தான்.

அறுபத்தாறாம் வருஷம் மார்ச் மாதம். அந்தக் காலத்தில் சின்ன லீக் அணிகள் ஊருக்கு ஊர் ஒரே ஒரு கோல்கீப்பரைத்தான் கூட்டிப்போகும். அவனுக்கு அடிபட்டால், ஆட்டம் நடக்கிற ஊர் தன் ஆள் ஒருவனை இரவல் கொடுக்க வேண்டும் என்பது லீக் விதி. இறுதி ஆட்டத்தில் எதிரணியான கோல்ட்டனின் கோல்கீப்பருக்கு ரப்பர் வட்டு பட்டுத் தாடை உடைந்தது. ஓட்டர்ஸின் பயிற்சிக்கு வலை முன்னால் நிற்கும் காகித ஆலைத் தொழிலாளி ஆர்வோ நிஸ்கனன் பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவனைத்தான் கீழே இறக்கினார்கள். எதிரணியின் பச்சைச் சட்டையை மாட்டிக்கொண்டு, தன் ஊரையே தடுக்க நின்றான். கோல்ட்டன்காரர்கள் இவன் நம்மைக் கவிழ்ப்பான் என்று முறைத்தார்கள். ஊர்க்காரர்கள் இவன் ரொம்ப யோக்கியனாக இருந்து தொலைத்துவிடுவானோ என்று முறைத்தார்கள். இரண்டுக்கு இரண்டு. கடைசி இரண்டு நிமிஷம். நடுக்கோட்டிலிருந்து ஓட்டர்ஸ்காரன் எவனோ போகிற போக்கில் தட்டிவிட்ட வட்டு, குழந்தைகூட மிதித்து நிறுத்தியிருக்கக்கூடிய வட்டு, அவன் இடக்கைக்கு அடியில் வழுக்கி வலைக்குள் போனது. ஐம்பது வருஷத்தில் ஓட்டர்ஸ் ஜெயித்த ஒரே கோப்பை அது. எதிரணிச் சட்டையோடேயே அவனைத் தோளில் தூக்கிப் போனார்கள். ஓர் அணிக்கு ஆறு பேர் ஆடுகிற ஆட்டத்தில் அவன் ஊருக்கு 'ஏழாவது ஆள்' ஆனான்.

அப்போது அவர்களுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. அந்த வாரமே ஹெல்மி கேட்டாள். "நீ என்ன நெனைக்கிற?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்புதான் அவளுக்குள் முள்ளாக ஏறி உட்கார்ந்தது. யாருடைய சட்டையைப் போட்டானோ அவர்களையே கவிழ்த்தவன், நாளைக்கு என்னைக் கவிழ்க்க எவ்வளவு நேரம் ஆகும்? ஜூனில் கல்யாணம் செய்துகொண்டாள். சந்தேகத்தையும் கூடவே கூட்டி வந்தாள். நாலு மீன் என்று அவன் சொன்னால் கொட்டகைக்குப் போய் எண்ணிப் பார்ப்பாள். சிநேகிதன் எய்னோ வீட்டு சவுனாவில் நீராவிக் குளியலுக்குப் போகிறேன் என்றால், எய்னோவின் மனைவிக்குப் போன் போட்டு ஊர்க்கதை பேசுவது போல விசாரிப்பாள். ஒரு தடவையும் அகப்பட்டதில்லை. கல்லுளிமங்கன், கமுக்கமாகச் செய்கிறான் என்றுதான் நினைத்தாள்.

"பல் டாக்டர் வீட்டுப் பரண்ல ஒரு படச்சுருள் கெடச்சிருக்கு. அந்த கோல் அதுல இருக்காம்," என்றார் கஸ்தோன் எழுந்தபடி. "சனிக்கிழமை மத்தியானம் அரங்கத்து ஹால்ல போடறோம். வந்து பாருங்க."

ஆர்வோ போக வேண்டாம் என்றான். முதுகு வலி என்றான். நாற்பது வருஷமாக ஊர் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்ச் சிரித்துவிட்டு வந்தவனுக்கு இன்றைக்கு என்ன முதுகு வலி? ஹெல்மி அவன் மேல்கோட்டை எடுத்து நீட்டினாள்.

ஹாலில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். "ஏழாவது ஆளு வந்தாச்சு, கதவைச் சாத்துங்கப்பா," என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். சுவரில் படம் ஓடியது. சத்தமில்லாத, நடுங்குகிற படம். முகமூடி போடாத ஒல்லிப் பையன் ஒருவன் வலை முன்னால் நின்றான். வட்டு வந்தது. அவன் மண்டியிட்டு இடப்பக்கம் பாய்ந்தான். அது கைக்கு அடியில் போய்விட்டது.

"அட, என்னமா நடிக்கிறான் பாரு."

"ஆலையில வேல பாக்க வேண்டிய ஆளா இவன்?"

ஹெல்மியும் உதட்டைச் சுழித்துக்கொண்டுதான் பார்த்தாள். சுவரில் ஆர்வோ குப்புறக் கிடந்தான். மற்றவர்கள் கட்டிப்பிடித்துக் குதிக்க, அவன் வலக்கை உறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றினான். வெறும் உள்ளங்கையைப் பனித்தரையில் பதித்தான். அப்படியே வைத்திருந்தான்.

ஹெல்மி முன்னால் குனிந்து பார்த்தாள். இதை அவள் பார்த்திருக்கிறாள். எழுபத்தொன்பதில், ஏரியின் மேல்பனி உடைந்து அவன் தம்பி வெய்க்கோ உள்ளே போன அன்று. ஆட்கள் கயிறைக் கீழே போட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றியபோது, ஆர்வோ இதே மாதிரி உறையைக் கடித்துக் கழற்றி, உள்ளங்கையைப் பனியில் பதித்து, வாயைத் திறக்காமல் கிடந்தான். தோல் ஒட்டிக்கொள்ளும் என்று அவள்தான் அந்தக் கையைப் பிய்த்து எடுத்தாள். அவளைத் தவிர அதைக் கவனித்தவர் யாரும் இல்லை.

இவன் வேண்டுமென்று விடவில்லை. தடுக்கப் பார்த்தான், முடியவில்லை, அவ்வளவுதான். ஊரே தோளில் தூக்கி நன்றி சொல்லும்போது, எனக்குத் தடுக்கத் துப்பில்லை என்று எந்த இருபத்துநாலு வயசுக்காரன் சொல்வான்? கள்ளன் என்ற பெயர் கையாலாகாதவன் என்ற பெயரைவிடத் தேவலை என்று எடுத்துக்கொண்டான். கட்டியவளிடம்கூட. தான் எண்ணிப் பார்த்த மீன்களை நினைத்து ஹெல்மிக்கு வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது, ஏன் சொல்லவில்லை என்று.

பக்கத்தில் ஆர்வோ சிரிக்கவில்லை. ஊர் திரும்பிப் பார்த்ததும் வழக்கம் போலக் காப்பிக் கோப்பையைத் தூக்கிக் காட்டினான். பிறகு அவளைப் பார்த்தான். அவள் முகத்தில் என்ன தெரிந்ததோ, கோப்பை மெல்லக் கீழே இறங்கியது.

"இப்பவாவது சொல்லுங்க ஹெல்மி," என்றார் கஸ்தோன், படக்கருவியின் பக்கத்திலிருந்து. "என்னன்னு எழுதட்டும்?"

எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. ஆர்வோ அவள் காதருகில் குனிந்தான். "போதும், வீட்டுக்குப் போலாம் வா." நாற்பது வருஷத்தில் அவன் அவளிடம் கெஞ்சிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"உக்காரு," என்றாள் ஹெல்மி, அவன் வலது கையைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டு. பிறகு கஸ்தோனிடம் சொன்னாள், "இன்னொரு வாட்டி போடுங்க. நான் சரியாப் பாக்கல."

"பின்னால ஓட்டித்தான் போடணும், பொறுங்க."

சுவரில் படம் பின்னோக்கி ஓடியது. வெறும் கை தரையிலிருந்து எழுந்து உறைக்குள் போனது. குப்புறக் கிடந்தவன் எழுந்து மண்டியிட்டான். வட்டு வலைக்குள்ளிருந்து வெளியே வந்து, அவன் கைக்கடியில் நழுவி, நடுக்கோட்டை நோக்கித் திரும்பிப் போனது. கஸ்தோன் அங்கே நிறுத்தினார். பச்சைச் சட்டைக்குள் ஆர்வோ முழங்காலை வளைத்து, மட்டையைத் தரையில் ஊன்றி, வருவது எதுவானாலும் தடுத்துவிடப் போகிறவனாக நின்றுகொண்டிருந்தான்.