ரொட்டிக்குப் பதில் இரண்டு துண்டு

பெரு நாட்டின் ஹூலியாக்கா நகரில் வெள்ளிக்கிழமை மாலை என்றால் எதெல்மிரா வீட்டு அடுப்பு ஓயாது. சமைக்கக் கூடாத ஓய்வுநாள் தொடங்கும் அஸ்தமனத்துக்குள், கறி உண்ணாத அவர்கள் சபையின் மறுநாள் விருந்துக்கான சைவ இறைச்சியைச் சமைத்துவிட வேண்டும்.

நெலிதா கதவருகே தயங்கி நின்றாள். ஞானஸ்நானம் எடுத்து நான்கு மாதம். அன்றோடு ஆட்டுக்கறியை விட்டவள். ஆனால் ஒவ்வொரு விருந்துக்குப் பிறகும் வயிறு உப்பி, இரண்டு நாள் படுக்கை. தன் உடம்பே சபையை ஏற்கவில்லை என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

"அக்கா, இனிமே நான் சபைக்கு வரல."

எதெல்மிரா மாவுக் கையோடு திரும்பினாள். "ஏன்? உன் புருஷன் ஆட்டுக்காலைக் காட்டி மயக்கிட்டானா?"

"அதெல்லாம் இல்ல. சாப்பாடுதான் எனக்குச் சேரல."

"என் சமையலா? நூறு பேரு சாப்பிடுறாங்க! ஒளிஞ்சு கறி திங்கிறவங்களுக்குத்தான் இது சேராது."

நெலிதாவின் கண் நிறைந்தது. "சத்தியமா தொடல அக்கா."

"சரி சரி, அழாத. இந்தத் தண்ணிய ஊத்து."

பெரிய மாவு உருண்டையை எதெல்மிரா தண்ணீருக்குள் பிசைந்தாள். பால் போல வெள்ளை கரைந்து ஓடியது. நாலைந்து தண்ணீர் மாற்றியதும், கையில் ரப்பர் மாதிரி ஒரு கட்டி மிஞ்சியது.

"இத மசாலாத் தண்ணியில வேகவெச்சா இறைச்சி."

"இது என்ன மாவு?"

"கோதுமைதான். வேற என்ன?"

"சோயான்னுல்ல நெனச்சேன்!" நெலிதா குடத்தைக் கீழே வைத்தாள். "எனக்கு ரொட்டி ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியாம என்ன? அதனாலதானே உனக்கு ரொட்டி வைக்காம, பதிலுக்கு ரெண்டு துண்டு..."

எதெல்மிரா கையிலிருந்த கட்டியைப் பார்த்தாள். பதினெட்டு வருஷமாக அதைப் பிசைகிறாள். இறைச்சி, இறைச்சி என்றே சொல்லிப் பழகியதில் அதுவும் ரொட்டியும் ஒரே மாவு என்பது அவளுக்கே மறந்துபோயிருந்தது.

"நாலு மாசமா நானே உனக்கு... உன்னப் போயி ஒளிஞ்சு திங்கிறவன்னு வேற சொல்லிட்டேன்."

நெலிதாவுக்குக் கோபம் வரவில்லை. எந்தப் பாவத்துக்கு இந்தத் தண்டனை என்று தன் மனசையே துருவிக்கொண்டிருந்தவள் அவள். தட்டை ஒருமுறைகூடச் சந்தேகிக்கவில்லை.

எதெல்மிரா ஜன்னலைப் பார்த்தாள். வெயில் சுவரின் உச்சிக்கு ஏறியிருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு பை பச்சை மொச்சையை நெலிதா மடியில் கொட்டினாள்.

"திங்கக்கிழமை மொத வேலையா டாக்டர்கிட்ட காட்டு. நாளைக்கு உனக்கு இதுவும் உருளைக்கிழங்கும். வருவேல்ல?"

"அதுக்குள்ள வெந்துடுமா அக்கா?"

"சூரியன் சாயறதுக்குள்ள வெந்தாகணும். பேசாம உரி."