மூன்று மாதச் சண்டையும் ஒரு நாள் ஷூட்டிங்கும்

மூன்று மாதம் சண்டை போட்டு ஜெயித்த ஒன்றை வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? காலை பதினோரு மணியிலிருந்து மகளுக்கு இதே கவலை.

சாதாரணச் சண்டையா அது? படித்தால் சினிமாதான் படிப்பேன் என்று இரண்டு வேளை பட்டினி கிடந்தாள். பிஸ்கட் கணக்கில் வராது. புள்ளியியலில் இடம் கிடைத்து வந்த கடிதத்தைப் பிரிக்கக்கூட இல்லை. அம்மாவோடு ஒன்பது நாள் பேசாமல், வேண்டியதையெல்லாம் சீட்டில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினாள். "சினிமா என் ரத்தத்துலயே இருக்கு" என்று சித்தியிடம் வேறு சொல்லித் தொலைத்தாள். சித்தியிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி. கடைசியில் அம்மாதான் இறங்கி வந்தாள். "என்னவோ பண்ணு. ஆனா நானும் வந்து பாப்பேன்."

அந்தக் கல்லூரியில் ஒரு வழக்கம். இடம் கிடைத்தவர்கள் ஒரு நாள் முழுக்க மூத்த மாணவர்களின் ஷூட்டிங்கில் வேலை செய்து பார்க்க வேண்டும். பெற்றோரும் கூட வரலாம். மாலை ஐந்து மணிக்குள் சேருகிறேன் அல்லது சேரவில்லை என்று அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். நல்ல வழக்கம்தான், மாட்டிக்கொண்டவளுக்குத்தான் கஷ்டம்.

வகுப்பறை மூலையில் இரண்டு பலகைச் சுவரை நிறுத்தி, மனைவி விட்டுப் போன ஒருவனின் அறையைப் போட்டிருந்தார்கள். படுக்கை விரிப்பு பாதி தரையில் கிடந்தது. நாற்காலியில் சட்டை, அங்கங்கே கழுவாத கோப்பைகள். மேசை மேல் தூசி வேண்டும் என்று ஒரு மாணவன் முகப்பவுடரை ஒரு மணி நேரம் ஊதி ஊதிப் படியவைத்திருந்தான். படத்தை இயக்கியவள் மூன்றாம் ஆண்டு மாணவி. எந்நேரமும் தொப்பி போட்டிருந்ததால் எல்லோருக்கும் அவள் தொப்பிதான். நடிக்கிறவர் உள்ளே வந்து, கட்டிலில் உட்கார்ந்து, ஒரு கோப்பையை எடுத்துப் பார்த்துவிட்டு, "போயிட்டா" என்று சொல்ல வேண்டும். மொத்த வசனமும் அவ்வளவுதான்.

மகளுக்குக் கிடைத்த வேலை, வெளியே கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "ஷ்ஷ், டேக் போகுது" என்பது. உள்ளேயிருந்து பன்னிரண்டு முறை "போயிட்டா" கேட்டது. ஏழாவது முறையே தானும் போய்விடலாமா என்று தோன்றியது. பாவம் என்று அரை மணி நேரம் கேமராவுக்குப் பக்கத்திலும் நிற்க வைத்தார்கள். விளக்கை ஒரு சாண் நகர்த்துவதா வேண்டாமா என்று எட்டுப் பேர் பேசினார்கள். எட்டு முகத்திலும் அப்படி ஒரு சந்தோஷம். தனக்கு மட்டும் கொட்டாவி வருவானேன்? படம் பார்க்கத்தான் தனக்குப் பிடிக்கும், எடுக்கப் பிடிக்காது என்று மகளுக்குப் பட்டவர்த்தனமாகப் புரிந்துபோயிற்று. புரிந்த கையோடு சித்தியின் முகம் கண்முன் வந்து நின்றது.

அம்மா உள்ளே ஓரமாய் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். ஹோட்டலில் அறை சுத்தம் செய்கிறவள் அவள், ஒரு நாளைக்குப் பதினான்கு அறை. அப்படிப்பட்டவளை அலங்கோலமான அறைக்கு எதிரே சும்மா உட்கார வைத்தால் என்ன பாடுபடுவாள் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. ஒரு மணிக்கு எல்லோரும் சாப்பிடக் கிளம்பியபோது, "எனக்குப் பசிக்கல, நீங்க போங்க" என்றாள்.

திரும்பி வந்தால், மனைவி விட்டுப் போனவனின் அறை புது மாப்பிள்ளைக்குத் தயார் செய்த அறை மாதிரி பளபளத்தது. விரிப்பில் ஒரு சுருக்கம் கிடையாது. சட்டை மடித்தாயிற்று, கோப்பைகள் கழுவிக் கவிழ்த்தாயிற்று. தூசி போன இடம் தெரியவில்லை. பவுடர் ஊதியவன் சுவரில் சாய்ந்து அழவே ஆரம்பித்துவிட்டான்.

"யாரு இது..." என்றாள் தொப்பி.

"நான்தாம்மா. பாவம், அப்படியே போட்டுட்டுப் போயிட்டீங்களேன்னு..." பாதியிலேயே அம்மாவுக்கு விஷயம் பிடிபட்டது. "ஐயையோ, இன்னும் முடியலையா?"

காட்சியில் பாதி பாக்கி இருந்தது. அதற்கு அறை பழையபடியே இருந்தாக வேண்டும். ஃபோட்டோ எடுத்து வைக்க வேண்டியவன் மறந்துவிட்டான். காலையில் எடுத்ததெல்லாம் கணினி அறையில் இருந்தது, சாவி வைத்திருந்தவன் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை. மகளுக்கு மானம் போயிற்று. இதையே சாக்காக வைத்து வீட்டுக்குப் போய்விடலாம் என்று ஒரு அற்ப சந்தோஷமும் எட்டிப் பார்த்தது, மறைப்பானேன்.

"பதறாதீங்க, இருங்க," என்று அம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

ஹோட்டலில் தங்குபவரின் சீப்பு ஒரு விரற்கடை நகர்ந்திருந்தாலும் புகார் வரும். அதனால் அறைக்குள் நுழைந்ததும் எல்லாவற்றையும் ஒரு தடவை கண்ணில் வாங்கிக்கொள்வது அம்மாவின் பழக்கம். "சட்டையோட இடது கை தரையைத் தொடணும். நாலு கோப்பை மேசைல, ஒண்ணு ஜன்னல்ல. அந்தப் பேப்பர் தலைகீழா கிடந்துச்சு. தம்பி, அழாத, பவுடர் கொண்டா. ரேடியோவுக்கு அடியில மட்டும் தூசி வேண்டாம்."

சாவிக்காரன் வந்ததும் காலையில் எடுத்ததைப் போட்டுப் பார்த்தார்கள். "ஆன்ட்டி, இந்தக் கோப்பையோட பிடி மட்டும் அந்தப் பக்கம் இருக்கணும்," என்றாள் தொப்பி.

"அது முதல் தடவைல. கடைசித் தடவை நடிச்சவரு பிடியை இந்தப் பக்கம் திருப்பி வெச்சுட்டார். கடைசியைப் போட்டுப் பாரு."

பார்த்தார்கள். அம்மா சொன்னதுதான் சரி. அழுதவன் முதல் ஆளாகக் கை தட்டினான்.

அதன் பிறகு அம்மாவை உட்காரவே விடவில்லை. ஒவ்வொரு டேக் முடிந்ததும் "ஆன்ட்டி, சரியா?" என்று கேட்டார்கள். அம்மாவும் இடுப்பில் கைவைத்து நின்று, "தலையணை நகர்ந்துடுச்சு, மறுபடி வரச் சொல்லு" என்று ஒரு போடு போட்டாள். மகள் கதவிடுக்கு வழியாக அந்த முகத்தைப் பார்த்தாள். வீட்டில் அப்படி ஒரு முகத்தைக் கண்டதே இல்லை. பெருமையாக இருந்தது.

நாலே முக்காலுக்கு அலுவலகத்தில் படிவம் மகளின் கைக்கு வந்தது.

"போடு கையெழுத்தை," என்றாள் அம்மா. "எதையோ நினைச்சு நான்தான் பயந்துட்டேன். எவ்வளவு நல்ல படிப்புடி இது!"

மகள் பேனா மூடியைத் திறந்தாள், மூடினாள். "எனக்கு இது வேண்டாம்மா."

"என்னது?"

"பிடிக்கல. காலைலயே தெரிஞ்சு போச்சு. சொல்ல வெக்கமா இருந்துச்சு. மதியம் போன் போட்டுக் கேட்டேன், புள்ளியியலுக்குத் திங்கக்கிழமை வரைக்கும் டைம் இருக்காம். திட்டணும்னா திட்டிடு."

மூன்று மாதத்துக்கும் சேர்த்துத் திட்ட அம்மாவிடம் சரக்கு இருந்தது. அலுவலகக்காரர்கூடக் காதைத் தீட்டிக்கொண்டார். ஆனால் அம்மா, "சித்திகிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றதோடு நிறுத்திக்கொண்டாள். மகளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. 'சேரவில்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்துக் கொடுத்தாள்.

படியிறங்கும்போது அம்மாவின் நடை தளர்ந்திருந்தது.

"கோவமாம்மா?"

"சேச்சே." நாலு படி இறங்கிய பிறகுதான் அம்மா மீதியைச் சொன்னாள். "அந்தத் தொப்பிப் பொண்ணு சனிக்கிழமையும் வரச் சொன்னா. சமையலறை போடறாங்களாம். நீயே சேரலன்னா நான் எப்படிப் போறது? தப்பா நினைக்க மாட்டாங்க?"

கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மா தனக்கென்று ஒன்றைக் கேட்டு மகள் இதுவரை பார்த்ததில்லை.

"அவங்க கூப்பிட்டது உன்னைத்தானேம்மா. என்னையா கூப்பிட்டாங்க?"

அம்மா வாசல் கேட் பக்கத்தில் நின்று ஹோட்டலுக்குப் போன் போட்டாள்.

"சார், சனிக்கிழமை எனக்கு லீவு வேணும்... இல்லைங்க, உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு... ஷூட்டிங் சார்." மறுமுனையில் ஏதோ கேட்டார்கள். அம்மா முதுகை நிமிர்த்திக்கொண்டாள். "பொண்ணுக்கு இல்ல சார். எனக்கு."