முழங்கை மடிப்பில் தேறிய கிரீம்

கை எரிகிறதே என்று விழித்தபோது அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுப்படியில் புழங்கும் கைக்கு எரிச்சல் புதிதா என்ன? குளியலறை விளக்கைப் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இடது புறங்கையில் மூன்று கோடுகள், செக்கச்செவேலென்று, விரலால் இழுத்த மாதிரி. நடுக்கோட்டில் நீர் கோத்த கொப்புளங்கள். விரலால் இழுத்த மாதிரி என்ன, விரலால் இழுத்ததேதான். ஞாயிற்றுக்கிழமை கிரீமை டப்பாக்களில் நிரப்பிவிட்டு, கரண்டியில் ஒட்டியிருந்த மிச்சத்தை வீணாக்க மனமில்லாமல் வழித்துப் புறங்கையில் தேய்த்துக்கொண்டது அவளேதான்.

குடும்பத்தில் அவளுக்கு டப்பா என்று பெயர். வைத்தவர் அவளுடைய நாத்தனார், கணவரின் அக்கா. வீட்டிலேயே சோற்றுக்கற்றாழையும் தேன்மெழுகும் பாதாம் எண்ணெயும் கலந்து, சுருக்கம் போகும், முகம் மின்னும் என்று டப்பாவில் அடைத்து விற்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? பதிலுக்கு அவளும் சும்மா இருக்கவில்லை. நாத்தனார் நில அளவையர். நாளெல்லாம் வெட்டவெளியில் முக்காலி மேல் கருவியை நிறுத்தி, ஒற்றைக் கண்ணால் உலகத்தை அளப்பவர். அவருக்கு அளவுகோல் என்று பெயர் சூட்டியிருந்தாள், மனசுக்குள் மட்டும். வெளியே சொல்லத் தைரியம் ஏது?

மருந்துக்கடை திறந்ததும் முதல் ஆளாகப் போய்க் கையை நீட்டினாள். என்ன பூசினீர்கள் என்று கடைக்காரர் கேட்டார். எல்லாம் இயற்கைதான், ஒரு ரசாயனமும் கிடையாது என்று பாடம் ஒப்பிப்பதுபோல் ஆரம்பித்தாள். அவர் விடவில்லை, ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார். கார்போக அரிசி என்றதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

பேர்தான் அரிசி, உலையில் போடுவதற்கில்லை. கறுத்த சின்ன விதை. அதிலிருந்து எடுக்கும் சத்து முகச் சுருக்கத்துக்குக் கைகண்ட மருந்து என்று கொஞ்ச நாளாக எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். சுத்திகரித்த சத்து கட்டைவிரல் அளவு குப்பியில்தான் வரும். விதையே தாராளமாகக் கிடைக்கும்போது குப்பி எதற்கு என்று நினைத்தாள். பிரித்தெடுத்ததைவிட முழுசாக இருப்பதுதானே இயற்கை? இடித்து, எண்ணெயில் ஊறவைத்து, இளஞ்சூட்டில் காய்ச்சி, வடிகட்டிக் கிரீமில் கலந்துவிட்டாள்.

"அந்த விதையில ஒண்ணு இருக்கும்மா, வெயில் பட்டா தோலைப் பொசுக்கிடும். சுத்தம் பண்ணும்போது அதைத்தான் எடுத்துடுவாங்க" என்றார் கடைக்காரர். பூசிக்கொண்டு வெயிலில் நின்றீர்களா என்றும் கேட்டார்.

ஞாயிறு மத்தியானம் மொட்டைமாடியில் துணி உலர்த்தியது நினைவுக்கு வந்தது. அரை மணி நேரம்கூட இருக்காது. ஆனால் நான் சோதித்துப் பார்த்தேனே என்று மன்றாடாத குறையாகச் சொன்னாள். எந்தக் கிரீமானாலும் ராத்திரி முழங்கை உள்மடிப்பில் பூசி, சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு படுத்து, காலையில் பார்ப்பாள். அது அவளுடைய சட்டம். இதுவும் சனிக்கிழமை ராத்திரி அப்படித் தேறியதுதான். சொல்லிக்கொண்டே வந்தவளுக்குப் பாதியில் உறைத்தது. முழங்கை மடிப்புக்கு வெயில் எங்கே பட்டது? வெயிலே காணாத இடத்தில் பரீட்சை வைத்துவிட்டு, முகத்துக்குச் சான்றிதழ் கொடுத்திருக்கிறாள்.

"வேற யாருக்காவது குடுத்தீங்களா?"

மற்ற டப்பாக்கள் அலமாரியில் பத்திரமாக இருந்தன. ஒன்றே ஒன்றுதான் வீட்டைவிட்டு வெளியே போயிருந்தது. அது போன இடம் நாத்தனாரின் வீடு.

அது போனதற்கே ஒரு கதை உண்டு. போன மாதம் உறவுக்காரர்கள் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, டப்பாவின் கிரீமை ரொட்டியில் தடவிக்கொள்ளலாமா என்று நாத்தனார் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவள் கணவர் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார். அவளுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. "சிரிங்க அண்ணி, நல்லா சிரிங்க. அந்த மூஞ்சிய ஒருநாள் வெயில் திங்கத்தான் போகுது" என்று சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் அவளே இறங்கிவந்து, ஞாயிறு சாயங்காலம் புது டப்பாவைக் கொண்டுபோய் நீட்டினாள். நாத்தனார் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, செவ்வாய்க்கிழமை ஊருக்கு வெளியே புதுச் சாலைக்கு அளக்கப் போகிறேன், அன்றையிலிருந்து பூசிப் பார்க்கிறேன் என்றார்.

இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

நாத்தனாருக்குப் போன் போட்டாள். அடித்து அடித்து ஓய்ந்தது. கைபேசியை வண்டிக்குள் போட்டுவிட்டுத்தான் அவர் கருவியைத் தொடுவார். வெளியூர் வேலைக்குப் போயிருந்த கணவரின் எண்ணைத் தேடியெடுத்தாள், ஆனால் விரல் அழுத்த மறுத்தது. என்னவென்று சொல்வது? வெயில் திங்கும் என்று அத்தனை பேர் முன்னால் சொன்னவள், முகத்தை வெயிலுக்குத் தின்னக் கொடுக்கிற கிரீமைத் தன் கையாலேயே செய்து கொடுத்திருக்கிறாள். தெரியாமல் நடந்தது என்றால் யார் நம்புவார்கள்? அவளே அந்த மேசையில் உட்கார்ந்திருந்தால் நம்பமாட்டாள். நாத்தனாரின் முகத்துக்காக ஒரு பயம், தனக்காக ஒரு பயம். இரண்டில் தனக்காகப் பட்ட பயமே பெரிதாக இருந்தது தெரிந்து அவள் கூசிப்போனாள்.

வாடகைக் காரில் ஏறினாள். இன்றைக்கு வெயில் மண்டையைப் பிளக்கிறது என்று ஓட்டுநர் சாவகாசமாகப் பேச்சை ஆரம்பித்தார். கொஞ்சம் வேகமாகப் போங்கள் என்றாள். கண்ணாடி வழியே வானத்தைப் பார்த்தாள். பேருக்குக்கூட ஒரு மேகம் இல்லை. ஒவ்வொரு சிக்னலிலும் அவள் கண்முன் அந்த முகம் வந்தது, தன் புறங்கையில் இருப்பது அப்படியே கன்னம் பூராவும், நெற்றி பூராவும், கண்ணிமை பூராவும். கண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? ஒற்றைக் கண்ணால் பிழைக்கிறவர் ஆயிற்றே.

ஊர் முடிந்து, செம்மண் கொட்டிக் கிடந்த பொட்டலில் நாத்தனார் நின்றுகொண்டிருந்தார். நிழல் என்று சொல்ல ஒரு செடி இல்லை. தொப்பியும் இல்லை, விளிம்பு கருவியில் இடிக்கும் என்று போடமாட்டார். அவள் காரிலிருந்து குதித்து மண்ணில் ஓடினாள்.

குறுக்கே வராதே, கோடு மறைகிறது என்று நாத்தனார் கருவியிலிருந்து கண்ணை எடுக்காமலே அதட்டினார். அவள் நேராகக் கருவிக்கு முன்னால் போய் நின்றாள். அந்தக் குழாய் வழியாக அவள் அழுத முகம் எத்தனை பெரிதாகத் தெரிந்ததோ, நாத்தனார் சட்டென்று நிமிர்ந்தார்.

"கிரீம் பூசினீங்களா அண்ணி?"

"பூசினேனே. ஏன், பளபளன்னு இருக்கா?"

அவள் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் வண்டிக்குள் உட்காரவைத்தாள். தண்ணீர் கேனைச் சாய்த்து, பையில் கொண்டுவந்திருந்த சோப்பைப் போட்டு அவர் முகத்தைக் கழுவத் தொடங்கினாள். கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள். விதை, வெயில், முழங்கை மடிப்பு, தன் கொப்புளம், ஒன்றையும் மறைக்கவில்லை. "நான் வேணும்னு செய்யல அண்ணி" என்று முடித்தபோது அவளுக்கே அது பொய்போல் கேட்டது.

நாத்தனார் முகத்திலிருந்து நீர் சொட்ட அவளைப் பார்த்தார். சாதாரணமாகவே அவர் பார்வை அளக்கிற பார்வை.

"வலது பக்கத்தை ஏன் போட்டுத் தேய்க்கிற? இடது பக்கம்தான் பூசினேன். ஒரு பக்கத்தை விட்டுவச்சாத்தானே வித்தியாசம் தெரியும்" என்றார் நாத்தனார். பிறகு துண்டை வாங்கித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "உன் கை மேல எனக்கு என்னிக்கும் சந்தேகம் வந்ததில்ல. உன் வாய் மேலதான்."

அங்கிருந்து நேராகப் போய்ப் பார்த்த தோல் மருத்துவர், உடனே கழுவியது நல்லது, ஆனால் காலையிலிருந்து பட்ட வெயில் பட்டதுதான், நாளையோ மறுநாளோதான் தெரியும் என்றார். நாத்தனார் வீட்டில் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, இருட்டில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பைப்போல ஒரு பயத்தை அவள் பட்டதில்லை. தப்பு செய்தாகிவிட்டது, அது இன்னும் வந்து சேரவில்லை. அடிக்கொருதரம் எழுந்துபோய், திரையை ஒரு விரல் அளவு விலக்கி, அந்தக் கன்னத்தைப் பார்த்தாள். மறுநாள் காலையில் ஒன்றுமில்லை. கடவுளே, கடவுளே என்றிருந்தாள். மத்தியானம் கன்னம் சிவந்தது. அதற்கும் மறுநாள் கன்னத்து எலும்பிலிருந்து தாடைவரை கொப்புளம் கட்டி, இடது கண் வீங்கி மூடிக்கொண்டது. நாத்தனார் வலியில் ஒரு சத்தமும் போடவில்லை. அதுதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது. கண்ணுக்கு ஆபத்தில்லை, வீக்கம் இறங்கிவிடும் என்று மருத்துவர் சொன்னபோது அவள் அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். கறை மட்டும் போக மாதக்கணக்கில் ஆகுமாம். வீட்டில் இருந்த மற்ற டப்பாக்களை அன்றைக்கே குப்பையில் கொட்டினாள்.

சனிக்கிழமை கணவர் ஊரிலிருந்து நேராக அக்கா வீட்டுக்கு வந்தார். அவள் கட்டுப்போட்ட கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு மூலையில் நின்றாள். அவர் அக்காவின் முகத்தைப் பார்த்தார். நடுவில் நூல் பிடித்த மாதிரி வலது பாதி பழைய நிறம், இடது பாதி காப்பி கொட்டியதுபோல் கறுத்துத் தோலுரிந்து கிடந்தது. அவருக்கு முகம் மாறிற்று. என்னக்கா இது, எப்படி ஆச்சு என்று கேட்டுக்கொண்டே திரும்பி மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் போன மாதத்துச் சாப்பாட்டு மேசை அப்படியே இருந்தது. வந்துவிட்டது என்று நினைத்தாள். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள்.

நாத்தனார் முந்திக்கொண்டார்.

"வெயில்டா. உன் பொண்டாட்டி அன்னிக்கே எச்சரிச்சா. நான்தான் காதுல போட்டுக்கல."

கணவர் அக்காவையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். வீங்கிய கண்ணை இடுக்கிக்கொண்டு நாத்தனார் தன் இடது கன்னத்தை அவள் பக்கம் திருப்பினார்.

"நீ வாயத் திறக்காம வந்து மருந்தப் போடு, டப்பா" என்றார்.

அவள் மருந்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.