அவசரம் அண்ணனுக்கு விழுந்த திட்டு

அந்தச் சலவைக்கூடத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவசரம் அண்ணன் என்றால்தான் தெரியும். ஆஸ்பத்திரி விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து குவியும் இடம் அது. அவற்றை இஸ்திரி போடும் பெரிய உருளை இயந்திரத்தை ஓட்டுகிறவர் அவர். டீ ஆறும்வரை பொறுக்காமல் தினமும் நாக்கைச் சுட்டுக்கொள்கிற ஆள். அந்த அவசரத்தில்தான் மெக்கானிக்கின் இடது கையில் இரண்டு விரல்கள் போயின.

மெக்கானிக் ஒரு பெண். நாற்பது வயது, கறாரான கை, அதைவிடக் கறாரான வாய். பழுது பார்க்க உருளைக்குள் கை விடுகிறவர் மெயின் சுவிட்சில் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அங்கே சட்டம். அன்றும் பூட்டைப் போட்டுவிட்டுத்தான் இயந்திரத்தின் பின்பக்கம் குனிந்து உருளைக்குள் கையை விட்டிருந்தாள். வேலைக்கு வந்த அவசரம் அண்ணன் பூட்டைப் பார்த்தார். முந்தின ஷிப்டுக்காரர்கள் பூட்டை மறந்துவிட்டுப் போவது அங்கே வாடிக்கை. இன்றும் அதே கதைதான் என்று தானாகவே முடிவு கட்டி, மேலாளரின் மேசையிலிருந்து மாற்றுச் சாவியை எடுத்துவந்து திறந்து, சுவிட்சைப் போட்டுவிட்டார்.

அவளைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு மூன்று முறை வந்தார். மூன்று முறையும் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஏழு மாதம் விசாரணை இழுத்தது. அதுவரை அவர் வீட்டில் இருந்தார். கடைசியில் மேலாளர் அவளைக் கூப்பிட்டார்.

"நீங்க சரின்னா அவர் திரும்ப வரட்டும். வேண்டாம்னா சீட்டைக் கிழிச்சிடறேன். நாளைக்குக் காலைல சொல்லுங்க."

அவள் கணவரிடம் சொன்னாள். ஏழு மாதமாக அவளுக்குத் தலை பின்னிவிடுகிற மனிதர் அவர்; ஆரம்பத்தில் கோணல் மாணலாக வந்த பின்னல் இப்போது தேறிவிட்டது.

"நீ மன்னிச்சாலும் நான் மன்னிக்க மாட்டேன்" என்றார் பின்னலை இறுக்கிக்கொண்டே.

"நீங்க மன்னிக்க வேண்டாம். விரல் என்னோடது."

"அப்போ நீ மன்னிச்சிட்டியா?"

"இல்ல. அதான் வயித்தெரிச்சலே."

உண்மைதான். மாதா கோயிலில் எல்லாரும் ஒரே குரலில் ஜெபம் சொல்லும்போது, 'குற்றம் செய்வோரை நாங்கள் மன்னிப்பதுபோல எங்களையும் மன்னியும்' என்கிற இடம் வந்ததும் அவள் வாயை மூடிக்கொள்வாள். கடவுளிடமே பொய் சொல்வதா? கோபம் ஆறட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருந்தாள். அது ஆறுகிற கோபமாக இல்லை. ஆனால் தன் வாயால் எத்தனை பேர் மனதை அறுத்திருக்கிறாள் என்பது அவளுக்குத் தெரியாதா? ஆண்டவர் ஒரு நாளும் அவள் சீட்டைக் கிழித்ததில்லை. ஆறாவிட்டால் போகட்டும், சூட்டோடு சூடாக மன்னித்துவிட வேண்டியதுதான் என்று பின்னல் முடிவதற்குள் தீர்மானித்துவிட்டாள்.

மறுநாள் காலை மேலாளர் முன் போய் நின்றாள்.

"வரட்டும். ஆனா என் மெஷினுக்கே வரணும்."

"துணி மடிக்கிற பக்கம் போட்டுடலாமே?"

"கண்ணுல படாத இடத்துல வெச்சுட்டு யார் வேணா மன்னிப்பாங்க. அப்புறம் உங்க மேசைல இருக்கிற மாத்துச் சாவியை இன்னிக்கே உடைச்சுப் போடுங்க. மன்னிப்பு வேற, முட்டாள்தனம் வேற."

மேலாளர் மேசை இழுப்பறையைத் திறந்து அந்தச் சாவியை எடுத்தார்.

திங்கட்கிழமை அவசரம் அண்ணன் வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். பத்து மணிக்கே உருளையில் ஒரு விரிப்பு சுருண்டு சிக்கிக்கொண்டது. அவள் சுவிட்சை அணைத்துப் பூட்டைப் போட்டாள். அவர் பத்தடி தள்ளி நின்றார்.

"சுவிட்ச்கிட்ட வேற யாரையாவது நிக்கச் சொல்லும்மா. எனக்கு அந்தப் பக்கம் போகவே பயமா இருக்கு. நீ ஒரு வார்த்தை திட்டியிருந்தாக்கூட நான் நிம்மதியாத் தூங்கியிருப்பேன்."

"திட்டணுமா? முழுசா நின்னு கேப்பீங்களா?"

அவர் தலையாட்டினார். அவள் ஆரம்பித்தாள். மரியாதை ஒரு இம்மிகூடக் குறையவில்லை.

"பூட்டைப் பாத்தீங்க. 'உள்ள யாரு'ன்னு ஒரு சத்தம் குடுத்தீங்களாண்ணே? ரெண்டே வார்த்தை! என் தலையை நானே பின்ன முடியல. இல்லாத விரல் இன்னிக்கும் வலிக்குது. தெரியாம நடந்துச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க, நான் ஒத்துக்க மாட்டேன். நீங்க பண்ணது தப்பு. பெரிய தப்பு!"

கூடம் முழுக்க வேலையை விட்டுவிட்டுப் பார்த்தது. ஒவ்வொன்றுக்கும் "ஆமாம்மா" என்று சொல்லிக்கொண்டே அவர் அழுதார்.

அவள் மூச்சு வாங்கினாள். "முடிஞ்சுதுண்ணே. மன்னிச்சிட்டேன். பாதி இல்ல, முழுசா. இனிமே இந்தப் பேச்சை நான் எடுத்தா, வாயை மூடுன்னு நீங்க சொல்லலாம்."

"கோபம் போயிடுச்சாம்மா?"

"எங்கண்ணே போகும்? அது பாட்டுக்கு இருக்கட்டும். அதைக் கேட்டுக்கிட்டா மன்னிக்கிறது? ஆண்டவர் சொன்னார், மன்னிச்சிட்டேன்."

சட்டைக் கையை மேலே தள்ளி, மூன்று விரல் கையை உருளைகளுக்கு நடுவே முழங்கைவரை விட்டாள். அவர் ஓடிப்போய், சுவிட்சுக்கு முதுகைக் கொடுத்து, யாரும் கிட்டே வர முடியாதபடி இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார்.

விரிப்பு முழுதாக வெளியே வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. "கொஞ்சம் உக்காருங்கண்ணே" என்று அவள் இரண்டு தடவை சொன்னாள். அவர் உட்காரவில்லை.